இருபத்து மூன்று நாள்

புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டதும் எதிரில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது என்னைத்தான். சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையெல்லாம் அப்புறம்தான். அன்றைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. காதுக் கம்பியைச் சூடுகாட்டி லேசாக வளைத்து மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் சரியாகப் படிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. "தெளிவா இருக்கா சார்?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் தாடையையே பார்த்தார். பிறகு, சொந்த மகளுக்குச் செய்வதுபோல, "ஒரு நூல் ஒட்டியிருக்கும்மா" என்று கையை நீட்டி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

நூல் வரவில்லை. தாடைத் தோல்தான் கூடவே கொஞ்சம் வந்தது. அவருக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. விரலைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி எடுத்தார். என் முகத்துக்கு முன்பே அவர் முகம் கறுத்துவிட்டது. உடனே பலகைப் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். கடைசி வரிவரை படித்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, பேரம் பேசாமல், என்னைப் பார்க்காமல் போனார். அந்தக் கடையில் பேரம் பேசாமல் போன ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். முதலாளி மேஜை டிராயருக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார். பரிசோதனை அறை வாசலில் திரைச்சீலையைப் பிடித்தபடி டெஸ்டிங் அக்கா நின்றிருந்தார்.

ஒரு முடிதான். காலையில் கைக்குத் தப்பிவிட்டது. தினமும் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சவரம் செய்துகொள்வேன். கல்யாணமான ஏழு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். முதல் ஷிஃப்ட் என்றால் நாலரைக்கு எழுவார், நான் நாலுக்கு. ரேஸரை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதற்குள் எந்த ஆம்பளையும் கைவிடமாட்டான் என்று ஒரு கணக்கு. பாக்கெட்டும் மாதக்கணக்கில் காலியாகாமல் அப்படியே கிடக்கும், வசதியாக. மதியத்துக்கு மேல் தாடை சொரசொரக்க ஆரம்பிக்கும்போது கை தானாக அங்கே போய்விடும். கையால் தாடையைத் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலாளி எனக்கு யோசனைக்காரி என்று பேர் வைத்திருந்தார். "யோசனைக்காரிய கேளுங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். நானும் யோசிக்கிற மாதிரியே தலையை ஆட்டுவேன்.

மூன்று மணிக்குக் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து டெஸ்டிங் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். கண் பார்த்து பவர் சொல்வது அவர் வேலை. இருபது வருஷ அனுபவம். இருட்டறையில் அந்த உயர நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, எதிர் ஸ்டூலில் அமர்ந்தார். விளக்கைப் போடவில்லை. அந்த உபகாரத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா உனக்கு?"

என் கை தானாகத் தாடைக்குப் போனது.

"கழுத்துப் பின்னால கறுத்திருக்கு. நானும் ரொம்ப நாளா பாக்கறேன். அழுக்குன்னு நெனச்சு தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கி வெச்சிருக்க. அழுக்கு இல்லம்மா அது. ஹார்மோன் கோளாறு. என் தங்கச்சிக்கும் இருக்கு. டாக்டரப் பாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பரம்பரை முடி."

"கண்ணாடி போட வெக்கப்பட்டு பத்து வருஷம் மங்கலாவே பாத்துட்டு வர்றவங்க எத்தனை பேர இந்த நாற்காலில உக்கார வெச்சிருக்கேன் தெரியுமா?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு வாரம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவர் சொன்னது தப்பு என்பதால் இல்லை. டாக்டரிடம் போனால் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று என்னவென்று எனக்குத் தெரியும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஐந்து வருஷமாக எந்த டாக்டர் வீட்டுப் படியும் ஏறாமல் இருந்தேன்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. மூன்று மாதம் வராது, நாலு மாதம் வராது. அம்மாவிடம் சொன்னால், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்பாள். கல்யாணம் நிச்சயமானபோது, "அங்க போய் இதயெல்லாம் உளறி வைக்காத" என்றாள். அம்மாவுக்கு இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். முந்தின நாள் சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளாமல் காலையில் வாந்தி எடுத்தேன். அத்தை, அவருடைய அம்மா, பின்னால் வந்து நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அத்தை துணி மில்லில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்தவர். குரல் எப்போதும் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு மட்டும் ரகசியம் போலக் கேட்டார். "எத்தனை நாளாச்சும்மா?"

"நாலு மாசம் அத்தை" என்றேன். அது உண்மைதான்.

ஈரத் தரையில் நின்றபடியே என்னைக் கட்டிக்கொண்டார். அந்த உடம்பு குலுங்கியது. எங்கள் அம்மா வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் முதுகில் வைத்தேன். அப்போது சொல்லியிருக்கலாம், எனக்கு இது வழக்கம்தான் என்று. வாய் கசந்து கிடந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, யாருக்கும் என்னைத் தெரியாத மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கினேன். கடைக் கழிப்பறையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கோடு விழுந்தது. கர்ப்பம் என்றால் விழுகிற இரண்டாவது கோட்டுக்காகக் காத்திருந்தேன். வெளியே முதலாளி கதவைத் தட்டும்வரை காத்திருந்தேன். பிறகு அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, உடைந்த லென்ஸ் போடுகிற கூடையின் அடியில் திணித்தேன்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். வீட்டுக்குப் போனால் மாடிவீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் மாதுளை உரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதற்குள் அத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்து, பாதிக்கு மேல் இருந்ததை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டார். "இனிமே இந்த வீட்டுக்குள்ள இந்த நாத்தம் கூடாது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. கூச்சத்தோடு, என்னைப் பார்க்காமல் சொன்னார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இப்படி ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போனது. இருபத்து மூன்று நாள். அத்தை தனக்கு வாங்குகிற பாலில் பாதியை என் தம்ளரில் ஊற்றினார். தண்ணீர்க் குடத்தை நான் தொடக்கூடாது என்றார். சாயங்காலம் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க நிற்கிற கால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த கையால் அழுத்திவிட்டார். வீட்டுக்காரர் தன் பஸ்ஸில் ஏறும் கர்ப்பிணிகள் எத்தனை மாதம் என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுகிறாராம், கண்டக்டரோடு பந்தயமாம், சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பேன். டாக்டரிடம் போகலாம் என்று அத்தை சொல்லும்போதெல்லாம் கடையில் வேலை அதிகம், அடுத்த வாரம் என்பேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அந்த இருபத்து மூன்று நாளும் நான் பயந்துகொண்டு மட்டும் இருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன். ஒரு கோட்டைக் கண்ணால் பார்த்தவள், கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுவது அந்தப் பொய்யை நினைத்து இல்லை, அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான்.

இருபத்து நாலாம் நாள், புதன்கிழமை காலையில் வந்தது. சாதாரணமாக வரவில்லை. கட்டிகட்டியாக, நிற்காமல் வந்தது. குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்குள் எழுந்தது நிம்மதி. அப்பாடா என்று வாய்விட்டுக்கூடச் சொன்னதாக ஞாபகம். அப்புறம் அத்தை கதவைத் தட்டினார். திறந்தேன். அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாளியை இழுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, என் காலைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே அழுதார்.

அதுவரை நான் செய்தது சும்மா இருந்தது மட்டும்தான் என்று வாதாடலாம். வெளியே இருந்து வீட்டுக்காரர் பதறி ஓடி வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்றபோது, "கடைப் பக்கத்துல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க, நானே போய்ப் பாத்துட்டு வர்றேன். நீங்க வரவேணாம், எனக்கு வெக்கமா இருக்கு" என்றேன். ஆட்டோவில் போய், ஒரு பூங்காவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். "முழுசா கலைஞ்சிடுச்சாம். ஒண்ணும் பயமில்லையாம்" என்றேன். அது பொய். அதற்குச் சும்மா இருந்தேன் என்று பேர் வைக்க முடியாது.

இல்லாத ஒன்றுக்காக அந்த வீடு துக்கப்பட்டது. அவர் சிகரெட்டைத் திரும்பத் தொடவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் லீவு போட்டுவிட்டு, மதியம் கடைக்கு வருவார். எதற்கு வந்தேன் என்று சொல்லமாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். போன வருஷம் ஒரு பள்ளி வேன் எங்களைக் கடந்து போனபோது, "இருந்திருந்தா இந்த வருஷம் சேத்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

டெஸ்டிங் அக்காவோடு பேசாமல் இருந்த அந்த வாரத்தில்தான் எனக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தது, ஐந்து மாத இடைவெளிக்குப் பிறகு. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று, நிற்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒரு பெண்ணுக்குக் கண்ணளவு எடுத்துக்கொண்டிருந்தேன். "என் கண்ணைப் பாருங்க" என்று சொல்லி அளவுகோலைத் தூக்கினேன். கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போயின. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். தலை டெஸ்டிங் அக்கா மடியில் இருந்தது. அவர் போன் செய்து, இவர் காக்கி உடுப்போடு வாசலில் வந்து நின்றார்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இவ சொல்றதக் கேக்காதீங்க" என்றார் அக்கா.

பெண்கள் மருத்துவர் சின்ன வயசு. என்னைவிட இளையவராகவே இருக்கலாம். கேள்வி கேட்டுக்கொண்டே அட்டையில் எழுதினார். வயசு, எடை, கடைசியாக எப்போது வந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. "இதுக்கு முன்னாடி கர்ப்பம் ஏதாவது?"

நான் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் சொன்னார், "ஒண்ணு டாக்டர். அஞ்சு வருஷம் முன்னாடி. கலைஞ்சிடுச்சு." டாக்டர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பேனா ஓடுவது எனக்குக் கேட்டது.

ஸ்கேன் எடுத்து, ரத்தம் கொடுத்து, மறுபடி அவர் முன்னால் போய் உட்கார இரண்டு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் ஓரமாக வரிசை கட்டி நின்றன. மாதத்துக்கு ஒரு முட்டை முழுசாக வளர்ந்து வெளியே வரவேண்டும், உங்களுக்கு நிறைய வளர ஆரம்பித்துப் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றார். "ஆம்பளைங்களுக்கு அதிகமா இருக்கற ஹார்மோன் எல்லாப் பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் இருக்கும். உங்களுக்கு அது கொஞ்சம் தூக்கல். அதனாலதான் கழுத்துல கறுப்பு, தாடையில முடி எல்லாம். முட்டை வெளிய வராததால மாசாமாசம் வரவேண்டியது வராது. உள்ள சவ்வு மட்டும் தடிச்சுக்கிட்டே போகும். அப்புறம் ஒரு நாள் சேத்து வெச்சு, கட்டிகட்டியா, ரொம்ப நாள் போகும். நீங்க செஞ்ச எதனாலயும் வந்ததில்ல இது. நெறைய பேருக்கு இருக்கு. முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன், கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

தாடையில் முடி என்று அவர் சொன்னபோது எனக்குள் எல்லாம் சுருங்கியது. ஏழு வருஷமாக ஒளித்ததை அந்தப் பெண் காய்கறி விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். இவர் என் பக்கம் திரும்பவில்லை.

"குழந்தை?" என்று கேட்டார்.

"வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஏற்கெனவே ஒரு தடவை தானா தங்கியிருக்கு இல்லையா, அது நல்ல அறிகுறி. உங்களுக்கும் டெஸ்ட் எல்லாம் இப்ப வேண்டாம், இவங்களுக்குக் கருக்குழாய் அடைப்பு பாக்கறதும் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ரத்தப்போக்க நிறுத்துவோம், உடம்பத் தேத்துவோம். மாத்திரையிலயே சரியாகும்னு பாக்கறேன்."

வெளியே வந்ததும் அவர் முகம் மாறியிருந்தது. ஐந்து வருஷத்தில் நான் பார்க்காத முகம். "பாத்தியா, ஒரு தடவ தங்கினது நல்லதாம்" என்றார். "நீ உக்காரு, மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று மருந்துக்கடை வரிசைக்கு வேகமாக நடந்தார். முதுகுகூட நிமிர்ந்திருந்தது.

நான் உட்காரவில்லை. திரும்பிப் போய், அடுத்த ஆள் உள்ளே நுழைவதற்குள் டாக்டர் அறைக் கதவைத் தள்ளினேன்.

"அது கர்ப்பம் இல்ல டாக்டர்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். நாலு மாதம் வராதது, வீட்டில் நினைத்துக்கொண்டது, புதன்கிழமை வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி. வாந்தி வந்திருக்கு, நாலு மாசம் வரல. நீங்களே கர்ப்பம்னுதான் நெனச்சிருப்பீங்க. அப்படி நெனச்சுட்டு நிறைய பேர் வர்றாங்க. இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல."

கதவைத் திறந்து வைத்து, இந்தப் பக்கமாகப் போய்விடுங்கள் என்று வழிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் இவரிடம் கொடுத்திருக்கலாம். நானும் ஏமாந்துட்டேங்க. டாக்டரே சொன்னாங்க. ஒரு நிமிஷம் அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் டாக்டர். மறுநாளே. ஒரே கோடுதான்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அட்டையை இழுத்து, அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். "இத நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லமாட்டேன். அது உங்க ரெண்டு பேர் விஷயம். ஆனா இப்ப அவருக்கும் டெஸ்ட் எழுதணும். ஏன்னு கேப்பாரு" என்று ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மேலே இவர் பேர் எழுதியிருந்தது.

மருந்துப் பையோடு வந்தவரிடம் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "எனக்கு வேணாம்னுதானே சொன்னாங்க" என்றார். வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் கடைசியில் போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு கர்ப்பிணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் பழக்கத்தில் அவள் வயிற்றைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். நான் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத் தட்டையாக வந்தது. அதுவும் எனக்கு அசிங்கமாக இருந்தது.

அவர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டார். "அன்னிக்கு டாக்டர்கிட்ட போனேன்னு சொன்னியே."

"போகல. பார்க்ல உக்காந்திருந்தேன்."

"அம்மா கால் கழுவிவிட்டாங்க உனக்கு."

"ஆமா."

மருந்துப் பையின் வாயைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "மாசாமாசம் ரேஸர் ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டு வந்து வெக்கறனே, யாருக்குன்னு நெனச்ச?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"மொத வருஷமே தெரியும். நீ மறைக்கறியே, கேட்டா கஷ்டப்படுவன்னு விட்டுட்டேன். அது எனக்கு ஒரு விஷயமே இல்ல." பையை மடியில் வைத்தார். "இது அப்படி இல்லல்ல."

கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. உண்மையாகவே என்னிடம் சந்தேகம் கேட்பவர் மாதிரி கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குப் பேருந்தில் வந்தோம். வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் இவர் வலது கால் சும்மா இருக்காது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தரையில் பிரேக்கை மிதிக்கும். நான் கிண்டல் செய்வேன். அன்றைக்கு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். நிறுத்தங்கள் வந்தன, போயின. கால் அசையவே இல்லை. நான் முழு வழியும் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு திருப்பத்தில் என் தோள் அவர் மேல் சாய்ந்தது. அவர் விலகவில்லை. நான்தான் விலகி உட்கார்ந்தேன்.

வீட்டில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, என் முகத்தைப் பிடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்ல இவ உடம்புல" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "டாக்டர் என்னடா சொன்னாங்க?" என்றார்.

அவர் மருந்துப் பையை மேஜைமேல் வைத்தார். நான் அந்தப் பையைப் பார்த்தபடி நின்றேன். அவரே எதையாவது சொல்லி மூடிவிடுவார் என்று ஒரு நப்பாசை. ஐந்து வருஷம் ஆகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

"அவளே சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

அத்தை மடித்துக்கொண்டிருந்த துணிகளைக் கட்டில்மேல் தள்ளிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். இன்னொன்றை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் சத்தத்தில் அவருக்கு இடது காது பாதி போய்விட்டிருந்தது. வலது காதை என் பக்கமாகத் திருப்பி, முழங்காலில் கையூன்றி, முன்னால் சாய்ந்து, "சொல்லும்மா" என்றார். அவர் முழங்கால் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பின்பக்கத்தில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர் யார் கையிலும் படாமல் நேராகத் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.